மணிக்கட்டு முறிந்தால் கம்பியா, பிளேட்டா, மாவுக்கட்டா? தெரியுமா?

முகலாயப் படையையே 1690 முதல் 1698 வரை இழுத்தடித்த கோட்டை நம்ம செஞ்சி! 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். அங்கே ராஜகிரி மலையின் படியில் இறங்கும்போது வழுக்கினால் உடம்பு என்ன செய்யும், தெரியுமா? யோசிக்காது. கை தானாகப் போய் ஊன்றும். மொத்த எடையும் ஒரே உள்ளங்கையில்! தலை தப்பும், மணிக்கட்டு போகும்.

இப்படி முறிவதைப் பற்றி டப்ளின் டாக்டர் ஆபிரகாம் கோலிஸ் எழுதியது 1814-ல். எக்ஸ்ரே வந்ததோ 1895-ல்! கண்ணால் பார்த்து, விரலால் தடவியே சொல்லிவிட்டார் மனுஷன். பக்கவாட்டில் பார்த்தால் கை கவிழ்த்த முள்கரண்டி மாதிரி வளைந்திருக்கும். அனுபவப்பட்ட எலும்பு டாக்டர் இன்றைக்கும் அதைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

சரி, ஆபரேஷன் யாருக்கு? எலும்பு விலகி, இழுத்து நேராக்கியும் நிற்காவிட்டால், மூட்டுக்குள் விரிசல் போய் மேடுபள்ளம் ஆனால், தோலைக் கிழித்து எலும்பு வெளியே வந்தால், நரம்பு நசுங்கினால்.

எளிய வழி கம்பி. ஜெர்மானியர் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909-ல் கொண்டுவந்த அதே மெல்லிய கம்பிதான்! பெரிதாகக் கீறாமல் தோல் வழியே இரண்டு மூன்றைச் செலுத்துவார்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் ஓ.பி.யிலேயே உருவிவிடலாம்.

பிளேட் என்றால் கதை வேறு. டாக்டர் நாடி பிடிப்பாரே, அந்த இடத்தை ஒட்டித்தான் கீறுவார்கள். ரத்தக்குழாயையும் தசைநாரையும் ஒதுக்கி, எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் சதையை விலக்கி, துண்டுகளைப் பொருத்தி, பிளேட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்குவார்கள். அந்த ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே மரை பூட்டிக்கொள்ளும்! அதனால்தான் வயசானவர்களின் பொதபொத எலும்பிலும் பிடி எளிதில் நழுவுவதில்லை. பெரும்பாலும் பிளேட்டை அப்புறம் எடுக்கவே தேவையில்லை. இன்னொன்று: அக்குளிலோ காறை எலும்புக்கு மேலோ ஓர் ஊசி போட்டால் கை மட்டும் மரத்துவிடும். தன் எலும்பில் துளை போடும் சத்தத்தை நோயாளி விழித்தபடியே கேட்கலாம்! (எனக்கு வேண்டாம் சாமி.)

பிளேட்தானே உசத்தி? அதுதான் இல்லை! பிரிட்டனில் 461 பேரை வைத்துக் கம்பியையும் பிளேட்டையும் ஒப்பிட்டார்கள். 2014-ல் முடிவு வந்தது: ஒரு வருஷம் கழித்து இரண்டு தரப்புக்கும் கை ஒரே மாதிரிதான் வேலை செய்தது! 2022-ல் இன்னும் ஒரு படி மேலே: 500 பேர், கம்பியா வெறும் மாவுக்கட்டா? வருஷக் கடைசியில் அதிலும் வித்தியாசமில்லை. கட்டு போட்டவர்களில் எட்டில் ஒருவருக்குப் பிற்பாடு ஆபரேஷன் தேவைப்பட்டது, அவ்வளவே. இழுத்து நேராக்க முடிந்த முறிவுகளுக்குத்தான் இந்தக் கணக்கு, சுக்குநூறானதற்குப் பொருந்தாது. ஆனாலும் 'கட்டே போதும்' என்கிற டாக்டரைச் சந்தேகிப்பதை நாம் விட்டுவிடலாம்.

மணிக்கட்டுக்குள் ஒரு திருட்டு எலும்பு உண்டு, தெரியுமா? கட்டைவிரல் அடியில் இருக்கும் ஸ்கேஃபாய்டு. முறிந்தாலும் சில சமயம் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும்! கட்டைவிரலை நிமிர்த்தினால் அடியில் ஒரு குழி விழுமே, அங்கே அமுக்கினால் வலிக்கிறதா? பத்துப் பதினாலு நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும். அதற்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருவதால் நடுவில் முறிந்தால் பின்பாதி பட்டினி கிடந்து செத்தே போகலாம். ஆஸ்திரேலியர் டிமோத்தி ஹெர்பர்ட்டின் ஸ்க்ரூ 1984-ல் இதற்குத்தான் வந்தது. தலையே கிடையாது, இரு முனையிலும் மரை இடைவெளி வேறு வேறு. திருகத் திருக இரண்டு துண்டும் தானே நெருங்கும்!

அதைவிட ஆச்சரியம், மணிக்கட்டை ஒட்டிய முன்கை எலும்பில் விலகாத சாதாரண விரிசலுக்குக் கட்டு போட்டுச் சில வாரம் கழித்துக் கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநார் திடீரென்று அறுந்துபோவது. என்ன செய்வார்கள்? ஆள்காட்டி விரலை நிமிர்த்த இரண்டு தசைநார்கள் இருக்கின்றன. ஒன்றைக் கடன் வாங்கிக் கட்டைவிரலுக்குத் திருப்பிவிடுவார்கள்! தசைநாரை இடம் மாற்றும் இந்த வித்தையால் தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை வேலூர் சி.எம்.சி.யில் நிமிர்த்தி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர் பால் பிராண்ட். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம கொல்லிமலையில், 1914-ல்!

கை அறுவையில் நம்ம ஊர்ப் பெருமை அதோடு முடியவில்லை: சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை 2018-ல் ஒருவருக்கு இரண்டு கைகளையுமே மாற்றிப் பொருத்தியதும் நினைவிருக்கட்டும்.

ஐம்பது தாண்டிய அம்மாக்கள் குளியலறையில் லேசாக விழுந்தே மணிக்கட்டை முறித்துக்கொண்டால், அது எலும்புப்புரையின் முதல் மணியோசையாக இருக்கலாம். எலும்பு அடர்த்தியைப் பார்த்துவிடுங்கள். அடுத்து இடுப்பு போனால் கஷ்டம்.

செஞ்சியில் அடிபட்டால்? முதலுதவி அரசு மருத்துவமனையில்; பெரிய ஆபரேஷன் என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, இல்லையேல் புதுச்சேரி ஜிப்மர். புத்தூர் கட்டோ மாவுக்கட்டோ, எதுவானாலும் விரல் நீலம் பாய்ந்து மரத்தால், நீட்டும்போது உயிர்போக வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் போய்க் கட்டைத் தளர்த்தியாக வேண்டும். விழுந்த உடனே மோதிரம், வளையல், மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்க் கட்டிவந்த கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீங்கியபின் கட்டர் வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்!