கலப்பினக் கன்சோலும் டிவியுடன் இணையும் கையடக்கக் கருவியும்

கலப்பினக் கன்சோல் என்பது கையில் பிடித்தும் டிவியுடன் இணைத்தும் விளையாடும்படி வடிவமைக்கப்பட்ட வீடியோ கேம் கருவியைக் குறிக்கும். 2017 மார்ச் 3 அன்று வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் இந்தப் பெயரைப் பரவலாக்கியது. ஆனால் டிவியுடன் இணைக்கக்கூடிய கையடக்கக் கருவிகள் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிட்டன. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் விளையாட்டுக் கருவியிலும் டிவிக்கான கேபிள் இருக்கிறது. அப்படியானால் கலப்பினக் கன்சோல் என்பது உண்மையிலேயே ஒரு தனி வகையா, அல்லது பழைய வசதிக்குச் சூட்டப்பட்ட புதிய பெயரா என்ற கேள்வி எழுகிறது. கருவி வாங்க நினைப்பவருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. டிவியில் படம் தெரிவது வேறு, டிவிக்கு ஏற்றபடி விளையாட்டு ஓடுவது வேறு. இந்த வேறுபாடு தெரியாவிட்டால் செலவழித்த பணத்துக்கு எதிர்பார்த்த பயன் கிடைக்காமல் போகலாம்.

சொல்லின் பொருள்

'கலப்பினம்' என்றதும் இரு பாதிகள் சேர்ந்த ஒன்று என்ற எண்ணம் வருவது இயல்பு. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் உள்ள சங்கரநாராயணர் திருமேனியில் ஒரு பாதி சிவனாகவும் மறு பாதி திருமாலாகவும் ஒரே நேரத்தில் காட்சி தருவதைப் பலரும் அறிவர். கலப்பினக் கன்சோல் அத்தகையது அன்று. அதில் பாதி கையடக்கக் கருவி, பாதி டிவி கன்சோல் என்ற பிரிவு இல்லை. முழுக் கருவியும் ஒரு நேரத்தில் ஒரு நிலையில் மட்டுமே இயங்குகிறது. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறும்போது கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

முன்னோடிகள்

கையடக்க விளையாட்டையும் டிவியையும் இணைக்கும் முயற்சிகள் மூன்று வழிகளில் நடந்தன.

முதல் வழி, டிவி கன்சோலையே சுருக்கிக் கையில் கொடுப்பது. 1995ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் வெளிவந்த சேகா நோமாட் இதற்கு எடுத்துக்காட்டு. சேகா ஜெனிசிஸ் என்ற டிவி கன்சோலின் அதே கேசட்டுகள் இதிலும் ஓடின. டிவிக்கான இணைப்பும், இரண்டாவது ஆட்டக்காரர் கன்ட்ரோலரைச் செருகும் துளையும் இதில் இருந்தன. ஆறு பேட்டரிகளை வேகமாகத் தீர்த்துவிடுவது இதன் பெரிய குறை.

இரண்டாவது வழி, கையடக்க விளையாட்டை டிவி கன்சோலுக்குள் கொண்டுசெல்வது. நின்டெண்டோவின் சூப்பர் கேம் பாய் (1994), கேம் பாய் பிளேயர் (2003) ஆகியவை கையடக்கக் கருவியின் கேசட்டுகளை டிவியில் ஓட்டுவதற்கான துணைக் கருவிகள். சோனி 2013இல் ஜப்பானில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் வீடா டிவி, கையடக்கக் கருவியான வீடாவைத் திரை இல்லாத சிறு பெட்டியாக மாற்றியது. வீடாவின் தொடுதிரையை நம்பி எழுதப்பட்ட சில விளையாட்டுகள் அந்தப் பெட்டியில் ஓடவில்லை.

மூன்றாவது வழி, கையடக்கக் கருவியிலிருந்து டிவிக்கு ஒரு கேபிளை இழுப்பது. சோனியின் பிஎஸ்பி-2000 மாதிரி (2007) இந்த வசதியைத் தந்தது. 2009இல் வந்த பிஎஸ்பி கோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதைத் தனியாக விற்கப்பட்ட தாங்கியில் வைத்து டிவியுடன் இணைக்கலாம். பிளேஸ்டேஷன் 3இன் கம்பியில்லாக் கன்ட்ரோலரைக் கொண்டு தொலைவில் அமர்ந்து விளையாடலாம். வெளித்தோற்றத்தில் ஸ்விட்ச் எட்டு ஆண்டுகள் கழித்துச் செய்ததும் இதுவே. கலப்பினம் தனி வகை அன்று என்று வாதிடுவோருக்கு பிஎஸ்பி கோ வலுவான சான்று.

கேபிள் மட்டும் இருந்தால் என்ன ஆகும்

பிஎஸ்பியின் திரை 480 × 272 புள்ளிகள் கொண்டது. டிவியுடன் இணைத்தாலும் விளையாட்டு அதே 480 × 272 அளவிலேயே வரையப்பட்டது. டிவிக்கு அனுப்பப்பட்ட 720 × 480 புள்ளிச் சட்டத்தின் நடுவில் அந்தப் படம் அமர்ந்தது. சுற்றிலும் கறுப்பு ஓரம். சட்டத்தின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவான இடத்தையே விளையாட்டு நிரப்பியது. டிவி பெரிதாக இருந்தும் விளையாட்டுக்கு அது தெரியாது. கையடக்கத் திரைக்கு வரைந்த படத்தையே கருவி அனுப்பியது.

தமிழ்நாட்டின் சிறு நகரக் கடைகளிலும் இணைய வணிகத் தளங்களிலும் கிடைக்கும் 'சப் 400 இன் 1' என்ற மலிவுக் கருவி இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. கையடக்கமான இக்கருவியில் ஏவி கேபிள் வழியாக டிவியுடன் இணைக்கும் வசதி உண்டு. இரண்டாவது ஆட்டக்காரருக்கான கன்ட்ரோலரும் பல மாதிரிகளில் சேர்த்தே வருகிறது. இதில் உள்ளவை பெரும்பாலும் 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபேமிகாம் என்ற டிவி கன்சோலுக்காக எழுதப்பட்ட வகை விளையாட்டுகள். அதாவது அவை முதலிலேயே டிவிக்காகப் பிறந்தவை. எனவே டிவியில் போட்டால் அவை முழுத் திரையிலும் இயல்பாகத் தெரிகின்றன. ஆனாலும் இரு நிலைகளிலும் ஓடுவது ஒரே படம், ஒரே வேகம். கையில் இருந்தால் ஒரு வகை, டிவியில் இருந்தால் வேறு வகை என்ற மாற்றம் எதுவும் இல்லை.

இவ்விரண்டு கருவிகளும் ஒரு பொதுப் பண்பைக் காட்டுகின்றன. டிவி இங்கு இன்னொரு திரை மட்டுமே. கேபிளைச் செருகியதால் கருவி தன்னை மாற்றிக்கொள்வதில்லை.

ஸ்விட்சின் டாக்கில் நடப்பது

ஸ்விட்சை டிவியுடன் இணைக்கும் தாங்கியான டாக்குக்குள் கூடுதல் செயலி இருப்பதாகப் பலர் நினைப்பதுண்டு. அது தவறு. முதல் ஸ்விட்சின் டாக்கில் யுஎஸ்பி-சி வழியே வரும் படத்தை எச்டிஎம்ஐக்கு மாற்றும் பகுதியும், சில யுஎஸ்பி துளைகளும், மின்சாரத்துக்கான இணைப்புமே உள்ளன. 2025 ஜூன் 5 அன்று வெளிவந்த ஸ்விட்ச் 2இன் டாக்கில் குளிர்விக்கும் விசிறி சேர்க்கப்பட்டது. அதிலும் கூடுதல் செயலி இல்லை. விளையாட்டை ஓட்டும் வேலை முழுவதும் கருவிக்குள்ளேயே நடக்கிறது.

டாக் கொடுக்கும் முக்கியமான பொருள் மின்சாரம். பேட்டரியில் ஓடும்போது கருவி மின்சாரத்தைச் சேமிக்கவும் சூட்டைக் குறைக்கவும் வேண்டும். சுவரிலிருந்து மின்சாரம் வரும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. வெளிவந்த தொழில்நுட்ப விவரங்களின்படி, முதல் ஸ்விட்சில் உள்ள என்விடியா டெக்ரா எக்ஸ்1 சில்லின் வரைகலைப் பகுதி கையடக்க நிலையில் அடிப்படையாக 307.2 மெகாஹெர்ட்ஸ் வேகத்திலும், டிவி நிலையில் 768 மெகாஹெர்ட்ஸ் வேகத்திலும் இயங்குகிறது. இது 2.5 மடங்கு உயர்வு. மையச் செயலியின் வேகம் இரு நிலைகளிலும் ஒன்றே.

இந்த 2.5 மடங்குக்கு ஒரு காரணம் உண்டு. கருவியின் சொந்தத் திரை 1280 × 720, அதாவது 9,21,600 புள்ளிகள். டிவிக்கு அனுப்பும் உச்ச அளவு 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். வரைய வேண்டிய புள்ளிகள் 2.25 மடங்கு கூடுகின்றன. வரையும் வேகம் அதைவிடச் சற்று அதிகமாகக் கூடுகிறது. மையச் செயலி கவனிக்கும் ஆட்ட விதிகள், எதிரிகளின் நகர்வு போன்றவை இரண்டு நிலைகளிலும் ஒன்றாகவே இருப்பதால் அதன் வேகத்தை மாற்றத் தேவையில்லை. இதனால் ஒரே விளையாட்டு கையில் ஓர் அளவிலும் டிவியில் அதைவிடப் பெரிய அளவிலும் வரையப்பட முடிகிறது. எல்லா விளையாட்டுகளும் 1080 அளவை எட்டுவதில்லை என்றாலும், டிவி இணைந்திருப்பது விளையாட்டுக்குத் தெரிகிறது.

வேக மாற்றம் மட்டும் போதுமா

வேக மாற்றத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் வேறு சிக்கல் வருகிறது. 2023இல் வெளிவந்த அசூஸ் ஆர்ஓஜி அலை என்ற கையடக்கக் கணினி, சார்ஜரில் இணைக்கும்போது பேட்டரியில் இருப்பதைவிடக் கூடுதல் மின்சாரத்தில் இயங்கக்கூடியது. அப்படியானால் அதுவும் கலப்பினக் கன்சோலா? மடிக்கணினிகள் பலவும் இதையே செய்கின்றன. அவற்றை யாரும் கலப்பினம் என்று அழைப்பதில்லை.

மறுபுறம், 2022 பிப்ரவரியில் வெளிவந்த வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக்குக்கும் டாக் உண்டு; ஆனால் டாக்கில் வைத்தால் அதன் திறன் உயர்வதில்லை. டிவியில் தெளிவு வேண்டுமென்றால் பயனரே அமைப்புகளுக்குள் சென்று அளவை மாற்ற வேண்டும்; மாற்றினால் விளையாட்டு மந்தமாகலாம்.

இரு எடுத்துக்காட்டுகளும் சொல்வது ஒன்றே: வன்பொருளை மட்டும் பார்த்தால் கலப்பினக் கன்சோலுக்கும் கையடக்கக் கருவிக்கும் இடையே தெளிவான கோடு கிடையாது. ஸ்விட்ச் லைட் இதை உறுதிசெய்கிறது. 2019 செப்டம்பரில் வந்த இந்த மாதிரி, ஸ்விட்ச் குடும்பத்தின் விளையாட்டுகளையே ஓட்டினாலும் டிவியுடன் இணையாது. டிவி வசதியை எடுத்துவிட்டதும் எஞ்சியது முழுமையான ஒரு கையடக்கக் கருவி. அதாவது ஸ்விட்சின் அடித்தளமே கையடக்கக் கருவிதான்.

வேறுபாடு எங்கே இருக்கிறது

வேறுபாடு விளையாட்டை உருவாக்குவோருக்கு விதிக்கப்படும் எதிர்பார்ப்பில் இருக்கிறது. ஸ்விட்சுக்கு விளையாட்டு எழுதுபவர் இரண்டு திரைகளையும் இரண்டு வேகங்களையும் முதலிலிருந்தே கணக்கில் கொள்கிறார். எழுத்துகள் கையளவுத் திரையிலும் படிக்கும்படி இருக்க வேண்டும். டிவியில் தொலைவிலிருந்தும் தெரிய வேண்டும். விளையாட்டின் உறையிலேயே டிவி, மேசை, கையடக்கம் ஆகிய மூன்று நிலைகளில் எவற்றில் ஓடும் என்பது படக்குறியாக அச்சிடப்படுகிறது. விதிவிலக்குகளும் உண்டு. 2018இல் வந்த சூப்பர் மரியோ பார்ட்டியைக் கையடக்க நிலையில் விளையாட முடியாது. விதிவிலக்கைக் குறிப்பிட வேண்டியிருப்பதே இரு நிலைகளும் பொது விதி என்பதைக் காட்டுகிறது.

இன்னொரு வேறுபாடு விளையாட்டுகளின் தொகுப்பில் உள்ளது. முன்பு நின்டெண்டோ கையடக்கக் கருவிக்கும் டிவி கன்சோலுக்கும் தனித்தனியே விளையாட்டுகளை உருவாக்கியது. மரியோ கார்ட் 7 (2011) கையடக்கமான 3டிஎஸ்ஸுக்கு. மரியோ கார்ட் 8 (2014) டிவி கன்சோலான வீ யூவுக்கு. இரண்டையும் விரும்பியவர் இரு கருவிகள் வாங்க வேண்டியிருந்தது. 2013இல் அந்நிறுவனம் தன் இரு வன்பொருள் பிரிவுகளையும் ஒன்றாக்கியது. 2017இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ் ஒன்றே கைக்கும் டிவிக்குமானது. 3டிஎஸ் உற்பத்தி 2020இல் நின்றது. ஒரு நிறுவனத்தின் இரு கிளைகள் ஒன்றானதே 'கலப்பினம்' என்ற சொல்லின் சரியான பொருள்.

இந்தியாவில் வாங்குபவருக்கு

நின்டெண்டோ ஸ்விட்சை அந்நிறுவனம் இந்தியாவில் நேரடியாக வெளியிடவில்லை. கடைகளில் கிடைப்பவை இறக்குமதியானவை. ஆகவே சங்கரன்கோவில் போன்ற ஊரில் வாங்குபவர் விலையோடு, பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

செல்போனை டிவியுடன் இணைத்து விளையாட நினைப்பவர்களும் உண்டு. யுஎஸ்பி-சி துளை இருக்கும் எல்லாப் போன்களும் கேபிள் வழியே டிவிக்குப் படம் அனுப்புவதில்லை. குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கும் மட்டுமே. மாற்றிக் கேபிள் வாங்கும் முன் போனின் விவரக்குறிப்பைப் பார்ப்பது நல்லது.

எந்தக் கருவியானாலும் நான்கு கேள்விகள் அதன் வகையைக் காட்டிவிடும். டிவியில் இணைத்ததும் படம் மறுபடி பெரிய அளவில் வரையப்படுகிறதா, வெறுமனே நீட்டப்படுகிறதா? அந்த மாற்றம் தானாக நடக்கிறதா, பயனர் செய்ய வேண்டுமா? கருவியைத் தொடாமல், தொலைவிலிருந்து விளையாடக் கன்ட்ரோலர் உண்டா? விளையாட்டுகள் இரு நிலைகளுக்கும் சோதிக்கப்பட்டு வருகின்றனவா? நான்குக்கும் சாதகமான விடை வந்தால் அது கலப்பினக் கன்சோல். மூன்றாவது கேள்விக்கு மட்டும் 'ஆம்' என்றால் அது டிவி கேபிள் கொண்ட கையடக்கக் கருவி. எப்போதாவது டிவியில் விளையாடுபவருக்கு அதுவே போதுமானது. அந்த ஒரு பெயருக்காக அவர் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.