கூடாரத்தில் தொடங்கிய ஒரு சபை

போரினால் ஊர் இழந்தவர்கள் ஒதுங்கும் இடங்களில் புதிய செபக்கூட்டங்கள் முளைப்பதை எமது வாசகர்கள் நன்கறிவர். முகாம்களில் தறப்பாள் கூரையின் கீழ் கைதட்டிப் பாடிய பெந்தெகொஸ்தே சபைகளை நாம் கண்டோம். எம்மவர் சிலர் அவற்றில் சேர்ந்தும்கொண்டனர். அதனால் எமது பங்குகளில் உண்டான மனத்தாங்கல்களை இங்கு கிளற வேண்டியதில்லை. அவ்வாறான ஒரு சபை எப்படித் தோன்றியது, எதனால் நிலைத்தது என்று ஆறுதலாக அறிந்துகொள்வது பயன்தரும் என எண்ணுகின்றேன். அதற்கு நாம் தென்கொரியாவுக்குச் செல்லவேண்டும்.

ஏற்கனவே இரண்டாகப் பிளவுண்டிருந்த கொரிய நாட்டை 1950 முதல் 1953 வரை நடைபெற்ற போர் சிதைத்தது. வடக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெற்கே ஓடிவந்தனர். போர் நின்ற பின்னரும் கிராமங்கள் நிமிரவில்லை. நிலத்தை நம்பி வாழமுடியாத உழவர் குடும்பங்கள் தலைநகரான சியோலை நாடின. 1960இல் ஏறக்குறைய 25 இலட்சமாக இருந்த அந்நகரின் சனத்தொகை 1970இல் ஏறக்குறைய 55 இலட்சமாகியது. பலகையும் தகரமும் கொண்டு அமைத்த குடிசைகள் மலைச்சரிவுகளை மூடின.

அந்நகரின் புறத்தே இருந்த ஏழைக் குடியிருப்புகளுள் ஒன்று தேஜோ-டொங். 1958ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி அங்கே ஒரு வீட்டில் ஓர் ஆராதனை நடந்தது. வீட்டுக்காரியான சோய் ஜா-சில் அம்மையார், அவருடைய மூன்று பிள்ளைகள், மழைக்கு ஒதுங்கிய ஒரு மூதாட்டி ஆகிய ஐவரே அதில் பங்குபற்றியவர்கள். மறையுரை ஆற்றியவர் 22 வயதான யொங்கி சோ. பிற்காலத்தில் பால் யொங்கி சோ என்று எமது நாட்டிலும் பெயர் அறியப்பட்டவர் இவரே. பௌத்த குடும்பத்தில் பிறந்து, இளவயதிலே சயரோகத்தினால் மரணத்தின் வாசல்வரை சென்று மீண்டவர். ஜா-சில் அம்மையாரோ வடக்கிலுள்ள ஹேஜு நகரில் பிறந்த ஒரு தாதி. இருவரும் வேதாகமக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். சோவைப் பற்றிப் பேசுவோர் இந்த அம்மையாரை மறந்துவிடுகின்றனர். அது சரியன்று.

வீட்டில் இடம் போதாமற்போகவே பழைய இராணுவக் கூடாரமொன்றை அடித்தனர். மண்தரையில் பாய் விரித்து மக்கள் அமர்ந்தனர். தொடக்கத்தில் சோ மோட்சத்தையும் நரகத்தையும் பற்றியே பேசினார். குடிகாரக் கணவனோடும் பத்துப் பிள்ளைகளோடும் அல்லற்பட்ட ஒரு பெண், தான் இப்பொழுதே நரகத்தில்தான் இருப்பதாக அவருக்குப் பதிலளித்தாளாம். அந்தப் பதில் தம்மைத் திருப்பிவிட்டது என்று சோ பின்னர் எழுதினார். அதன்பின் அவர் யோவானின் மூன்றாம் திருமுகத்தின் இரண்டாம் வசனத்தைப் பற்றிக்கொண்டார். ஆன்மா, உடல், வாழ்வின் காரியங்கள் மூன்றும் நலம்பெறும் என்பதே அவரது போதனையாயிற்று. நோயாளர் குணமடைந்ததாகச் சபையினர் சாட்சி சொல்ல, மேலும் பலர் வந்தனர். இந்தப் போதனை பிற்காலத்தில் செல்வத்தையே ஆசீரின் அடையாளமாகக் கொள்ளும் நிலைக்கு இட்டுச்சென்றது என்று கொரிய இறையியலாளர் பலர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. எனினும் பசித்திருந்தவர்களுக்குச் சோறும் சுகமும் கடவுளின் அக்கறைக்கு உரியவை என்று சொன்னது எனக்குப் பிழையாகத் தோன்றவில்லை.

1961இல் சபை நகரினுள் சொதேமுன் பகுதிக்கு மாறத் தொடங்கியது. எல்லாவற்றையும் சோ ஒருவரே செய்தார். திருமுழுக்கு, மறையுரை, வீடு சந்திப்பு, நோயாளர் செபம் அனைத்தும் அவர் தலையிலேயே. 1964இல் அவர் உடல்நலங்குன்றி விழுந்தார். படுக்கையில் கிடந்தபோது விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரத்தை வாசித்தார். நீ ஒருவனாகச் சுமக்காதே, பங்கிட்டுக் கொடு என்று மாமனார் இத்திரோ மோசேக்குப் புத்தி சொல்லும் பகுதி அது. சுமையைப் பங்கிடச் சபையின் ஆண் தலைவர்களை அழைத்தார். தமக்கு நேரமுமில்லை, பயிற்சியுமில்லை என்று அவர்கள் பின்வாங்கினர். பின்னரே பெண்களிடம் சென்றார். அவர்கள் இசைந்தனர்.

கொரியச் சமூகத்தில் பெண் போதிப்பதை ஆண்கள் இலகுவில் ஏற்பதில்லை. ஆகவே, போதகரின் அதிகாரத்தோடு வருகின்றனர் என்பதற்கு அடையாளமாக அப்பெண்கள் தலையில் தொப்பி அணியவேண்டும் என்று சோ ஏற்பாடு செய்தார். இன்று வாசிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால், அந்தத் தொப்பியோடு அவர்கள் கதவு கதவாகத் தட்டினர். சில வீடுகள் சேர்ந்து ஒரு குழு. வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடிப் பாடி, வாசகம் கேட்டு, அவரவர் துயரத்தைச் சொல்லிச் செபிப்பர். குழு பெருத்தால் இரண்டாகப் பிரிப்பர். எமது அன்பியங்களை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அங்கும் சிக்கல்கள் எழுந்தன. ஒரு வீட்டில் தேநீர் கொடுத்தால் அடுத்த வீட்டில் பலகாரம், அதற்கடுத்த வீட்டில் விருந்து என்று போட்டி மூண்டது. வசதியற்ற குடும்பங்கள் கூட்டத்தைத் தம் வீட்டுக்கு அழைக்க வெட்கப்பட்டன. குழுவுக்குள்ளே கடன் வாங்கலும் வட்டியும் புகுந்து பகையை உண்டாக்கின. எளிய சிற்றுண்டியோடு நிறுத்தவேண்டும், குழுவைப் பணக்கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று விதிகள் செய்யவேண்டியதாயிற்று. எமது மாதர் சங்கங்களிலும் சீட்டுக் குழுக்களிலும் பழகியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஊரை விட்டு வந்தவன் வீட்டையும் காணியையும் மட்டும் இழப்பதில்லை. சுகவீனம் என்றால் எட்டிப்பார்க்கும் அயலும் போய்விடுகிறது. சியோலின் தகரக் குடிசையில் கிடந்த உழவனுக்கு அந்த அயலைத் திருப்பிக் கொடுத்தவர்கள் தொப்பி அணிந்த இந்தப் பெண்களே. பெரிய மண்டபங்களையும் ஒலிபெருக்கிகளையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதனைக் கவனிப்பதில்லை. சமைக்கும்போது பிடியரிசி எடுத்துவைக்கும் வழக்கமும் கொரியச் சபைகளில் இருந்தது. ‘சொங்மி’ என்பது அதன் பெயர்.

1969இல் ஹன் ஆற்றிலுள்ள யோயிடோ என்ற மணல் தீவில் புதிய ஆலயத்துக்கு அத்திவாரம் இடப்பட்டது. பணநெருக்கடியில் வேலை இழுபட்டு, 1973இல் பதினாயிரம் பேர் அமரக்கூடிய ஆலயம் திறக்கப்பட்டது. 1979இல் உறுப்பினர் தொகை ஓர் இலட்சம் என்று சபை அறிவித்தது. 1990களின் தொடக்கத்தில் ஏழு இலட்சம் என்றது. உலகிலேயே மிகப்பெரிய சபை என்ற பெயரும் வந்தது.

வீடு சந்திக்கும் வேலையைப் பங்கிட்ட சபை, பணத்தின் மீதான அதிகாரத்தைப் பங்கிடவில்லை. சோவின் மகனிடமிருந்த பங்குகளைச் சந்தை விலைக்கு மேலாகச் சபைப் பணத்தில் வாங்கியதாக மூப்பர்கள் சிலரே முறைப்பாடு செய்தனர். 2014இல் நீதிமன்றம் சோவைக் குற்றவாளியெனக் கண்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. 2021இல் அவர் காலமானார்.

ஜா-சில் அம்மையார் 1989இலேயே இறந்துவிட்டார். 1973இல் அவர் ஒரு செபமலையை நிறுவினார். உபவாசமிருந்து செபிக்க வருவோருக்காக ஏற்படுத்திய இடம் அது. இப்பொழுது அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. அது அமைந்திருப்பது பாஜு என்ற பகுதியில். வடகொரியாவைப் பிரிக்கும் எல்லைக்கோடு அங்கிருந்து தூரமில்லை. அந்த எல்லைக்கு அப்பால்தான் அவர் பிறந்த ஹேஜு இருக்கிறது.