ரொக்கெட் ஏன் பிந்துகிறது? கந்தளாய்க் குளக்கட்டிலிருந்து ஒரு பார்வை

2024 டிசம்பர் 30, இரவு. கந்தளாய்க் குளக்கட்டில் நானும் அக்காவின் மகனும் கைப்பேசியும் கையுமாக நின்றிருந்தோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி60 ரொக்கெட் 9.58க்குப் புறப்படுவதாக முதலில் சொல்லியிருந்தார்கள். பின்னர் அதை 10 மணிக்கு மாற்றிவிட்டார்கள்.

"ரெண்டு நிமிசத்துல என்னத்த மாமா திருத்தப் போறாங்க?" என்று கேட்டான்.

வடக்கு வானத்தை முகில் மூடியிருந்ததால் அன்று நாங்கள் பார்த்தது கைப்பேசித் திரையை மட்டும்தான். ஆனால் அவனது கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. ஏவுதல்களைப் பல வருடங்களாகத் தொடர்ந்து பார்த்துவரும் எனக்கு, பிந்துதல் என்பது ஒரே சொல்லுக்குள் அடைபட்ட பல வேறு விடயங்கள் என்று தெரியும். சில ஒத்திவைப்புகள் வெறும் வாகன நெரிசல். சில, பெரிய இழப்பொன்றைத் தடுத்த புத்திசாலித்தனம். இன்னும் சில, யாரோ ஒருவரின் ஒருநாள் உழைப்பைக் கொண்டுபோகின்றன. அந்தப் பட்டியலில் நமது கடலும் இருக்கிறது.

முதலில் அந்த இரண்டு நிமிடம். அன்று ரொக்கெட்டில் எதுவும் பழுதாகவில்லை, திருத்துவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. ஸ்பேடெக்ஸ் செய்மதிகள் போகவேண்டிய பாதையில் அதே நேரத்தில் வேறு செய்மதிகள் நெருங்கி வரக்கூடும் என்று கணக்கில் தெரிந்தது. கந்தளாய்ச் சந்தியில் லொறி போகும்வரை சைக்கிளை நிறுத்திவைப்பது போலத்தான். 2023 யூலையில் சந்திரயான்-3 இதே காரணத்துக்காக 4 விநாடி பிந்தியே கிளம்பியது. விநாடிக்கு ஏழு, எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் பொருட்கள் ஓடும் இடத்தில் 4 விநாடி என்பது 30 கிலோமீற்றர். செய்மதிகளும் பழைய ரொக்கெட் துண்டுகளும் பெருகப் பெருக இந்தச் சிறு தாமதங்கள் வழமையாகிவிட்டன.

வாடிக்கையாளரின் பொருளில் பிரச்சினை வருவது இரண்டாவது வகை. வணிக ஏவுதல் என்றால் ரொக்கெட் ஒருவருடையது, சுமை இன்னொருவருடையது. ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் புரோபா-3 செய்மதிகளை 2024 டிசம்பர் 4 ஆம் திகதி மாலை 4.08க்கு பிஎஸ்எல்வி-சி59 கொண்டுபோக இருந்தது. ஏவுதலுக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாக இருந்தபோது, செய்மதியின் உந்துகைத் தொகுதியில் கோளாறு தெரிகிறது என்று ஐரோப்பியர்கள் சொன்னார்கள். இஸ்ரோ நிறுத்தியது. அடுத்த நாள் மாலை 4.04க்கு ரொக்கெட் சென்றது. அன்று சமூக ஊடகங்களில் பலர் இஸ்ரோவைக் கிண்டல் செய்தார்கள். ரொக்கெட் தயாராகத்தான் நின்றது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

அரசியலும் ரொக்கெட்டை நிறுத்தும். 2022 மார்ச்சில் பைகனூர் ஏவுதளத்தில் வன்வெப் நிறுவனத்தின் 36 செய்மதிகளோடு சோயுஸ் ரொக்கெட் நின்றது. உக்ரைன் போர் தொடங்கியிருந்த நேரம். ரஷ்யா விதித்த நிபந்தனைகளை ஏற்க முடியாமல் போக, ரொக்கெட்டை ஏவுதளத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த முறிவிலிருந்துதான் இஸ்ரோவின் வணிகப் பிரிவான நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனத்துக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. 2022 ஒக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் எல்விஎம்-3 ரொக்கெட்டுகள் இரண்டு, தலா 36 ஆக 72 வன்வெப் செய்மதிகளைக் கொண்டுசென்றன.

இயந்திரக் கோளாறுதான் எல்லோருக்கும் தெரிந்த வகை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்பேஸ்எக்ஸின் ஃபல்கன்-9 சில வேளைகளில் இயந்திரம் எரியத் தொடங்கிய பிறகும் நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது திரவ எரிபொருள் ரொக்கெட். இயந்திரங்களைப் பற்றவைத்து, ரொக்கெட்டைப் பிடித்து வைத்துக்கொண்டே கணினி அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்க்கிறது, பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிடுகிறது. பிஎஸ்எல்வியின் முதற்கட்டத்தில் இருப்பது திண்ம எரிபொருள். எல்விஎம்-3 மேலெழுவதும் பக்கவாட்டிலுள்ள இரண்டு பெரிய திண்ம எரிபொருள் உந்திகளால்தான். அதன் திரவ இயந்திரங்கள் நடுவானில்தான் பற்றும். திண்ம எரிபொருள் பற்றிவிட்டால் வாணவெடி மாதிரி, அணைக்க வழியில்லை. ஆகவே இந்த ரொக்கெட்டுகளில் சந்தேகம் எல்லாவற்றையும் பற்றவைப்பதற்கு முன்பே தீர்த்தாகவேண்டும். 2019 யூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2 இன் கடிகாரம் 56 நிமிடம் 24 விநாடி மீதமிருக்கையில் நின்றதை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவு தாண்டி விழித்திருந்தவர்களுக்குச் சலிப்புத்தான். ஒரு வாரம் கழித்து, யூலை 22 இல், ரொக்கெட் ஒழுங்காகப் போனது.

சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் கொஸ்மொஸ் நிறுவனத்தின் கதை இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. 2017 இல் ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயின் எஸ்பிஎம்மும் தொடங்கியது. முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்தெடுத்த இயந்திரத்தை வைத்து அக்னிபான் என்ற சிறிய ரொக்கெட்டைச் செய்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் தங்களுக்கென்றே ஒரு ஏவுதளத்தையும் அமைத்தார்கள். 2024 மார்ச் 22, ஏப்ரல் 6, ஏப்ரல் 7, மே 28 என்று நான்கு தடவை நாள் குறித்து நான்கும் தவறிப்போயின. கடைசித் தடவை விநாடிகள் மட்டுமே மிச்சமிருக்கும்போது நின்றது. மே 30 காலை 7.15க்கு அது பறந்தது. ஒரு சிறு நிறுவனத்திடம் இருப்பது ஒரேயொரு ரொக்கெட். முதலீடு செய்தவர்களும் ஊடகங்களும் பார்த்துக்கொண்டிருக்க, நான்கு தடவை 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும்.

பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஜிஎஸ்எல்வி-எஃப்10, 2020 மார்ச் 5 இல் போகவிருந்தது. முதல் நாள் நிறுத்தினார்கள். பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, 2021 ஓகஸ்ட் 12 வரை இழுபட்டது. அன்று அது தோல்வியடைந்தது. மேற்கட்டத்தின் திரவ ஐதரசன் தாங்கியில் அழுத்தம் போதவில்லை என்று பின்னர் அறிவித்தார்கள்.

அண்மைய இரண்டு தோல்விகள் இன்னும் உறுத்துகின்றன. நம்பிக்கைக்கு அடையாளமாக இருந்த பிஎஸ்எல்வி, 2025 மே 18 இல் சி61 பயணத்தில் மூன்றாம் கட்டத்தில் பிழைத்தது. எட்டு மாதங்களின் பின், 2026 ஜனவரி 12 இல் சி62. மறுபடியும் மூன்றாம் கட்டம். இந்தத் தடவை பிற நாட்டவரின் சிறு செய்மதிகளும் சேர்ந்தே போய்விட்டன. முதல் தோல்வியை ஆராய்ந்த குழுவின் அறிக்கை, இரண்டாவது ரொக்கெட் புறப்பட்ட நாள்வரை பகிரங்கமாகவில்லை. ஒவ்வொரு நிமிடத் தாமதத்தையும் உடனுக்குடன் அறிவிக்கும் நிறுவனம், தோல்வியின் காரணத்தை மட்டும் உள்ளே வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சுமையை ஏற்றக் காசு கொடுப்பவருக்குத் தாமதம் செலவுதான். ஆனால் விளக்கம் இல்லாத வேகம் அதைவிடப் பெரிய செலவு.

இனி நமது பக்கம். உலகப் படத்தை எடுத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு கீறுங்கள். அது பருத்தித்துறையில் இலங்கைக்குள் ஏறி, காலியில் இறங்கும். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செய்மதிகளுக்கு ரொக்கெட் தெற்கு நோக்கித்தான் போகவேண்டும். எரிந்து முடிந்த கட்டங்கள் மக்கள் குடியிருக்கும் நிலத்தில் விழக்கூடாது. ஆகவே பிஎஸ்எல்வி முதலில் தென்கிழக்காக வங்காள விரிகுடாவுக்குள் ஓடி, நம்மைத் தாண்டும் வழியில் வளைந்து தெற்கே திரும்புகிறது. நாயின் பின்னங்கால் மடிப்பைப் போன்ற இந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது. எரிபொருள் செலவானால் சுமை குறையும். பெரிய ரொக்கெட் இதைத் தாங்கிக்கொள்ளும். 500 கிலோவைத் தாழ்ந்த பாதைக்குக் கொண்டுபோகும் எஸ்எஸ்எல்வி போன்ற சிறிய ரொக்கெட்டுக்கு இது பெரிய நட்டம். இந்திய விண்வெளித் திட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் இலங்கை ஒரு செலவுத் தலைப்பு என்று நான் நண்பர்களிடம் பகிடியாகச் சொல்வதுண்டு.

இந்த வளைவால்தான் கிழக்குக் கரையிலுள்ள நமக்கு ரொக்கெட்டைக் காணும் வாய்ப்பும் கிடைக்கிறது. கந்தளாயிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏறக்குறைய 600 கிலோமீற்றர். பூமி வளைந்திருப்பதால், அவ்வளவு தூரத்தில் ஒரு பொருள் சுமார் 28 கிலோமீற்றர் உயரம் போன பிறகே நமது அடிவானத்துக்கு மேலே வரும். எனவே நேரலையில் ரொக்கெட் கிளம்பியதும் வெளியே ஓடிவந்து ஒன்றுமில்லை என்று திரும்பிவிடாதீர்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுத்து, வடக்கிலிருந்து வடகிழக்காகக் கண்ணை மெதுவாக நகர்த்துங்கள். எல்லாவற்றிலும் சிறந்தது சூரியன் மறைந்த கையோடு, அல்லது உதிப்பதற்குச் சற்று முன் நடக்கும் ஏவுதல். நமக்கு இருட்டாக இருக்கும்போது மேலே ரொக்கெட்டின் புகையில் வெயில் படும். மர்ம ஒளி என்று பரவும் காணொளிகளைக் கண்டால், அன்றைய ஏவுதல் அட்டவணையை ஒருதரம் பார்த்துவிட்டுப் பகிருங்கள்.

ஏவுதல் நாளை உத்தியோகபூர்வ அறிவிப்புக்கு முன்பே அறியவும் ஒரு வழி உண்டு, கடல் எச்சரிக்கைகள். கப்பல்களுக்கான எச்சரிக்கை வலயங்களாக உலகக் கடல்களைப் பிரித்திருக்கிறார்கள். நமது கடல் எட்டாம் வலயத்தில் இருக்கிறது. அதற்கு இந்தியாதான் ஒருங்கிணைப்பாளர். ரொக்கெட் கட்டங்கள் விழக்கூடிய கடற்பரப்பின் மூலைகளை அகலாங்கு, நெட்டாங்குடன் அந்த எச்சரிக்கை சொல்லும். கூடவே ஒரே நாளுக்குப் பதிலாகப் பல நாட்களைக் குறிப்பிட்டு வைத்திருக்கும். ரொக்கெட் பிந்தும் என்பதை எச்சரிக்கை எழுதுபவர்கள் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

என்னைப் போன்ற ஆர்வலருக்கு அந்த எச்சரிக்கை ஒரு துப்பு. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அருகே பழவேற்காட்டு மீனவருக்கு அது தொழிலுக்குப் போகக்கூடாத நாள். ஏவுதல் ஒத்திவைக்கப்பட்டால், இன்னொரு நாள். இயந்திரம் பிழைத்ததா, முகில் மூடியதா, ஐரோப்பிய செய்மதி பழுதா என்பதெல்லாம் கரையில் கிடக்கும் படகுக்கு ஒன்றுதான். ஆழ்கடலுக்குப் போகும் திருகோணமலைப் பலநாள் கலங்களுக்கும் இந்த வலயங்கள் பொருத்தமானவை. ஆங்கிலத்தில், பாகை கலை அளவுகளில் வரும் அந்தத் தகவல் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு இறங்குதுறைக்கும் போய்ச் சேரவேண்டும். எரிந்த கட்டங்கள் கணக்கிட்ட இடத்திலேயே தாழ்ந்து மறைந்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். 2023 யூலையில் மேற்கு அவுஸ்திரேலியக் கடற்கரையில் பெரிய உருளையொன்று ஒதுங்கியது. அது பிஎஸ்எல்வியின் மூன்றாம் கட்டம் என்று அந்நாட்டு விண்வெளி முகவரகம் பின்னர் உறுதிப்படுத்தியது.

நம்மைச் சுற்றி வளையும் செலவை மிச்சம்பிடிக்கத்தான் இந்தியா தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளம் கட்டுகிறது. 2024 பெப்ரவரி 28 இல் அடிக்கல் நாட்டினார்கள். தசராவுக்குப் பேர்போன அதே முத்தாரம்மன் ஊர்தான். அங்கிருந்து நேர் தெற்கே போனால் திறந்த கடல், வளைய வேண்டியதில்லை. சிறிய ரொக்கெட்டுகளும் தனியார் நிறுவனங்களும் அங்கே வரும். மணப்பாடு போன்ற அயல் மீனவக் கிராமங்களுக்கு, பழவேற்காட்டின் அனுபவம் முன்னால் நிற்கிறது.

படத்தில் பார்த்தபோது எனக்கு ஒரு சின்ன ஆச்சரியம். குலசேகரப்பட்டினமும் கந்தளாயும் ஏறக்குறைய ஒரே அகலாங்கில், வட அகலாங்கு 8.4 பாகையை ஒட்டி இருக்கின்றன. நடுவே சுமார் 325 கிலோமீற்றர், ஸ்ரீஹரிகோட்டாவுக்கான தூரத்தில் பாதியளவு. இந்தத் தூரத்தில் ரொக்கெட் 8 கிலோமீற்றர் உயர்ந்தாலே நமது அடிவானத்துக்கு மேலே வந்துவிடும். அக்காவின் மகனிடம் இதைச் சொன்னேன். குளக்கட்டில் இனி எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று கேட்டான். தண்ணீர்ப் பக்கம், சூரியன் விழும் திசை என்றேன். "அதுவும் பிந்துமா மாமா?" என்றான். பிந்தும், கச்சான் வாங்கிக்கொண்டு போவோம் என்றேன்.