நுங்கு வண்டிக்கு பெட்ரோலும் வேண்டாம், குப்பைத்தொட்டியும் வேண்டாம்… தெரியுமா?

கோடையில் திருவாடானைப் பக்கம் வந்து பாருங்கள். நுங்கைத் தோண்டித் தின்ற பிறகு மிஞ்சும் வெறுங்காய் இரண்டு, நடுவே கோக்க ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு ஓட ஒரு கவைக்கம்பு. வண்டி தயார்! ஸ்டியரிங் உண்டு, பிரேக்தான் கிடையாது. ஓட்டி அலுத்துவிட்டதா? சக்கரம் காயும் முன்னே வெட்டிப் போட்டால் மாடு தின்றுவிடும். எந்த கார் கம்பெனியாவது இப்படி ஒரு வாகனம் செய்திருக்கிறதா?

பனையோலைத் துண்டில் கருவேல முள்ளைக் குத்தினால் காற்றாடி. பூவரச இலையைச் சுருட்டினால் பீப்பீ. பப்பாளி இலைக்காம்பில் குழல் செய்தால், நீளக்காம்பு கனத்த குரலில் பேசும். நறுக்க நறுக்கக் கீச்சுக் குரலாகும். உள்ளே இருக்கும் காற்றுத் தம்பம் குறுகக் குறுக ஒலி உயரும் என்ற இயற்பியல் அது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதைப் பெயர் தெரியாமலே வாசித்துக் காட்டும்!

புளியங்கொட்டைக்கும் ஒரு காலத்தில் மவுசு இருந்தது தெரியுமா? 1939, இரண்டாம் உலகப்போர் தொடங்கிய நேரம். ராமேஸ்வரத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் புளியங்கொட்டை பொறுக்கி மசூதித் தெருக் கடையில் விற்றான். ஒரு நாள் பொறுக்கினால் ஓரணா. அந்தப் பையன்தான் அப்துல் கலாம்! கொட்டைக்கு ஏன் திடீரென்று அத்தனை கிராக்கி வந்தது என்பது தனக்கு விளங்கவேயில்லை என்று ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அதே கொட்டையை வகுப்பில் கொட்டிப் பாருங்கள். பத்துப் பத்தாக எண்ணலாம். ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயக்கட்டை. நான்கை உருட்டினால் எத்தனை வெள்ளை விழும், எது அடிக்கடி விழும் என்று பிள்ளைகள் கோடு போட்டுக் குறித்து வரட்டும். நிகழ்தகவுக்கு இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் ஏது?

இப்போது பெரிய ஆச்சரியம்! கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா புனேயில் லாரித் தொழிற்சாலைப் பொறியாளராக இருந்தார். 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்துக்குப் போனார். அங்கே அவர் கையில் சிக்கியவை என்ன தெரியுமா? தீக்குச்சியும் சைக்கிள் வால்டியூபும்! டியூபைச் சின்னச் சின்னதாக நறுக்கி, மருந்து சுரண்டிய குச்சிகளை அதில் செருகினார். மூன்று குச்சியில் முக்கோணம்: எப்படி அழுத்தினாலும் அசையாது. நான்கு குச்சியில் சதுரம்: லேசாகத் தள்ளினாலே சாய்ந்து சாய்சதுரமாகும். பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் முக்கோணமாகவே இருக்கிறது என்பது விரல்நுனியில் புரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் வாழ்நாளெல்லாம் குப்பையில் பொம்மைதான்! 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. அதே ஆண்டுப் பட்டியலில் இன்னொருவரும் இருந்தார்: பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்த்துச் சாலை போட்ட மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். குப்பைக்கு ஒரே வருடத்தில் இரண்டு பத்மஸ்ரீ!

ஒரு முணுமுணுப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘கழிவிலிருந்து கலை’ என்று வீட்டுப்பாடம் கொடுத்ததும் அப்பாக்கள் ஸ்டேஷனரிக் கடைக்கு ஓடுகிறார்கள். புது தெர்மாகோல், புது ஸ்ட்ரா, ஜிகினா. கண்காட்சி முடிந்த மறுநாள் எல்லாம் பள்ளிக்கூடத்துக் குப்பைக்குழியில். இத்தனைக்கும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்திருக்கிறது. ஸ்ட்ராவும் அந்தப் பட்டியலில் உண்டு! ‘காசு கொடுத்து எதையும் வாங்கக்கூடாது’ என்ற ஒரே நிபந்தனை போதும். பிள்ளைகள் அதற்குள்ளேயே விளையாடிவிடுவார்கள்.

கட்டணமாகக் குப்பையை வாங்கும் பள்ளிக்கூடம் கேள்விப்பட்டதுண்டா? அசாமில், குவாஹாட்டி பக்கத்துப் பமோஹியில் 2016-இல் தொடங்கிய அக்ஷர் பள்ளி. குளிர்காய அக்கம்பக்கத்தார் எரித்த பிளாஸ்டிக்கின் புகை வகுப்புக்குள் வந்தது. எரிக்காமல் இங்கே கொண்டுவாருங்கள், அதுதான் ஃபீஸ் என்றது பள்ளி! வந்த கவர்களைப் பாட்டிலில் திணித்துச் செங்கல் ஆக்குகிறார்கள் பிள்ளைகள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, விளையாட்டுப் பணமும் சம்பாதிக்கிறார்கள்.

தொண்டிக் கரைப் பக்கம் அறுந்த ரப்பர் செருப்புக்குப் பஞ்சமில்லை. வட்டமாக வெட்டினால் வண்டிக்குச் சக்கரம், நீளவாக்கில் வெட்டினால் மிதக்கும் படகு. சின்ன விளையாட்டு என்று நினைக்கிறீர்களா? கென்யாவின் லாமு தீவில் கரையொதுங்கிய பிளாஸ்டிக்கை உருக்கிப் பலகையாக்கி, ஏறக்குறைய 30,000 செருப்புகளை மேலே போர்த்தி, 9 மீட்டர் நீளத்தில் நிஜப் பாய்மரக் கப்பலே கட்டிவிட்டார்கள். பெயர் ஃபிளிப்ஃபிளாப்பி. 2019-இல் அது லாமுவிலிருந்து சான்சிபார் வரை 500 கிலோமீட்டர் கடலில் போனது!