எலியை விரட்டிய ஊர் கொசுவிடம் தோற்கலாமா?

வீட்டில் தண்ணீர் டிரம் மூடாமல் கிடந்து, அதில் கொசுப்புழு நெளிந்தால் ரூ.400 அபராதம்!

2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் கர்நாடக அரசு பிறப்பித்த உத்தரவு இது. நகரத்து வீடுகளுக்கு ரூ.400; கிராமத்து வீடுகளுக்கு ரூ.200. கடை, ஓட்டல் போன்ற வியாபார நிலையங்கள் நகரத்தில் இருந்தால் ரூ.1,000. கட்டிட வேலை நடக்கும் இடமானால் ரூ.2,000.

டெங்குக் காய்ச்சலைத் தொற்றுநோய் என்று அரசு முறைப்படி அறிவித்தது. 2020-ம் ஆண்டின் கர்நாடகத் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் இந்த விதிகள் வந்தன. அந்த ஆண்டு செப்டம்பர் தொடக்கத்துக்குள் மாநிலத்தில் 25,000-க்கும் அதிகமானோருக்கு டெங்கு கண்டிருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெங்களூர்வாசிகள்.

உத்தரவில் தவறு இல்லை. கொசு பிறக்கும் இடத்தை ஒழிக்காமல் டெங்குவை ஒழிக்க முடியாது. ஆனால் சிவாஜிநகரிலும் அல்சூரிலும் நெருக்கமான சந்துகளில் குடியிருக்கும் தாய்மார்களுக்கு நியாயமான ஒரு கேள்வி உண்டு. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வந்தால் டிரம்மில் பிடித்துவைக்கும் தேவை ஏன் வருகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேறு எங்கும் போக வேண்டியதில்லை. இதே பெங்களூரில் 125 ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைப் பார்த்தாலே போதும்.

ரயிலில் வந்த பிளேக்

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் தலைகாட்டியது. அங்கிருந்து பூனா, தார்வார், ஹூப்ளி என்று பரவி, 1898 ஆகஸ்டில் ரயில் பாதை வழியே பெங்களூரை எட்டியது.

அன்றைய பெங்களூர் ஒரே ஊர் அல்ல, இரண்டு ஊர்கள். மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்த பேட்டைப் பகுதி ஒன்று. பிரிட்டிஷ் ரெசிடெண்டின் அதிகாரத்தில் இருந்த கண்டோன்மெண்ட் மற்றொன்று. இதைத்தான் மக்கள் ‘தண்டு’ என்று சொல்வார்கள். பட்டாளத்தைப் பின்தொடர்ந்து வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் பெரும்பாலும் வாழ்ந்தது தண்டுப் பகுதியில்தான். வியாபாரிகள், கொத்தனார்கள், சமையற்காரர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் என்று எல்லாத் தொழிலிலும் நம்மவர்கள் இருந்தார்கள். இன்று சிவாஜிநகர் என்று வழங்கும் பகுதிக்கு அன்று பிளாக்பள்ளி என்று பெயர். காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகள் அங்கே ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

பிளேக் அங்கே என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஜனத்தொகைக் கணக்கு ஒன்றே போதும். 1891-ல் இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பெங்களூரின் ஜனத்தொகை 1,80,366. 1901-ல் அது 1,59,046. பத்தாண்டுகளில் ஓர் ஊர் வளர்வதற்குப் பதில் 21,000 பேரை இழந்து நின்றது! செத்தவர்கள் பாதி, ஊரைவிட்டு ஓடியவர்கள் பாதி என்று ஜனங்கள் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பீதி. நோயின் பெயராலேயே ‘பிளேக் அம்மன்’ கோவில்கள் எழுந்தன. கோவையில் உள்ள பிளேக் மாரியம்மன் கோவில்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

சட்டம் வந்தது, பயமும் வந்தது

பிளேக்கை அடக்க 1897 பிப்ரவரியில் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. சில பக்கங்களே கொண்ட சட்டம். ஆனால் அது தந்த அதிகாரம் பெரிது. ரயில் பயணிகளை நிறுத்திச் சோதிக்கலாம். நோய் கண்டவரை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டு போகலாம். சென்னை மாகாணத்தில், நோய் பரவிய இடத்திலிருந்து வருபவருக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நாட்கள் வரை அதிகாரியிடம் தினமும் போய் நிற்க வேண்டும்.

நோக்கம் நல்லதுதான். நடந்த விதம்தான் ஜனங்களைக் கலங்க வைத்தது. பூனாவில் சோல்ஜர்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். ஆத்திரம் முற்றி, 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் பல ஊர்களில் மக்கள் நோயை மறைத்தார்கள். மறைத்த வீட்டிலிருந்து நோய் அடுத்த வீட்டுக்குப் போனது.

இதில் ஒரு பரிதாபம் என்னவென்றால், நோய் எப்படிப் பரவுகிறது என்பதே அப்போது அதிகாரிகளுக்குத் தெளிவாகத் தெரியாது. பிளேக் கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் எர்சின் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் மனிதனுக்கு அதைக் கொண்டுவருகிறது என்பதை சிமோந்த் என்ற பிரெஞ்சு டாக்டர் கராச்சியில் கண்டறிந்தது 1898-ல்தான். உலகம் அதை ஏற்றுக்கொள்ள மேலும் சில ஆண்டுகள் ஆயின. எலியை விட்டுவிட்டு மனிதனைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்!

பணிபுரிந்த பெரியவர்கள்

மைசூர் சமஸ்தானத்தின் திவானாக அப்போது இருந்தவர் சேஷாத்ரி அய்யர். பாலக்காட்டுப் பக்கத்தவர்; சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். பிளேக் கமிஷனராக நியமிக்கப்பட்டவர் வி.பி.மாதவ ராவ். கும்பகோணத்துக்காரரான இவர் பிற்பாடு மைசூர் திவானாகவும் உயர்ந்தார்.

மறக்கக்கூடாத இன்னொருவர் டாக்டர் பல்பு. திருவனந்தபுரத்தில் ஈழவர் குலத்தில் பிறந்து, சென்னையில் வைத்தியம் படித்துத் தேறியவர். சாதியைக் காரணம் காட்டித் திருவிதாங்கூர் அரசு இவருக்கு வேலை கொடுக்க மறுத்தது. மைசூர் அரசு கொடுத்தது. பெங்களூரில் பிளேக் தலைவிரித்தாடியபோது, மற்றவர்கள் கிட்டே நெருங்க அஞ்சிய நோயாளிகளுக்கு நடுவே நின்று பணியாற்றியவர் இவர். சொந்த ஊர் வேண்டாம் என்று ஒதுக்கிய மனிதர் அடுத்த ஊரின் உயிரைக் காக்க நின்றார்.

இவர்களோடு, பெயர் எந்த ஏட்டிலும் ஏறாத துப்புரவுத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செத்த எலியை அள்ளியதும், சாக்கடையைக் கழுவியதும், பிணத்தைச் சுமந்ததும் அவர்கள்தான்.

மருந்தல்ல, வீடு!

இனிதான் முக்கியமான விஷயம். சோதனையாலும் சீட்டாலும் அடங்காத பிளேக், வேறு ஒரு வழியில் சிறிது சிறிதாகப் பின்வாங்கியது. ஊரையே மாற்றிக் கட்ட முற்பட்டார்கள்.

பேட்டையின் நெரிசலைக் குறைக்கப் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் எழுந்தன. பிளேக்குக்கு முன்பே போட்ட திட்டங்கள்தான். பிளேக் அவற்றை வேகப்படுத்தியது. அகலமான வீதி, வீட்டைச் சுற்றிக் காலியிடம், வடிகால் என்று எல்லாம் கணக்குப் போட்டு அமைத்தார்கள். 1900 டிசம்பரில் வைஸ்ராய் கர்சன் பிரபு விக்டோரியா ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தார்.

தண்டுப் பகுதியில் பிளாக்பள்ளியின் நெரிசலைக் குறைக்க 1906-ல் ஒரு புதிய குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் அதுவே பிரேசர் டவுன்; இன்றைய புலிகேசி நகர். இதில் முன்நின்றவர் நகராட்சி என்ஜினீயர் ஜே.எச்.ஸ்டீபன்ஸ். எலி வளை தோண்ட முடியாத தரை, காற்று புகும் அறை, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி என்பது அவருடைய கொள்கை. பிளேக் அண்டாத நகர அமைப்பைப் பற்றி 1914-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். பிரேசர் டவுனில் இன்று பிரியாணிக் கடைக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த வீதிகள் எலிக்குப் பயந்து போட்ட வீதிகள் என்பது தெரியும்?

புதிய குடியிருப்புகளில் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடவில்லை என்பதும் உண்மை. பழைய சந்துகளிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். பிளேக்கும் ஒரே ஆண்டில் போய்விடவில்லை. பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் ஒரு பாடம் நிலைத்தது. ஜனங்களைத் தண்டிப்பதைவிட, ஜனங்கள் வாழும் இடத்தைத் திருத்துவதே பெரிய தடுப்பு மருந்து!

எலி போய் கொசு வந்தது

இப்போது டெங்குவுக்கு வருவோம்.

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் என்ற கொசு. இது சாக்கடைக் கொசு அல்ல. நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். டிரம், குடம், சம்பு, பூந்தொட்டியின் அடித்தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை என்று எதில் தண்ணீர் தேங்கினாலும் அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள்தான் ஆகும். முட்டையோ பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றிய பிறகும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடியும் தண்ணீர் பட்டவுடன் பொரிந்துவிடும்.

ஆகவே தண்ணீரைச் சேமித்து வைக்கும் வீடே இந்தக் கொசுவின் வீடு. பெங்களூரிலோ தண்ணீரைச் சேமிக்காமல் ஏழைக் குடும்பம் பிழைக்க முடியாது.

ஆற்றங்கரையில் இல்லாத ஊர் பெங்களூர். சேஷாத்ரி அய்யர் காலத்தில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. பிறகு 1933-ல் திப்பகொண்டனஹள்ளி. 1974-ல் முதன்முதலாகக் காவிரி நீர், சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரப்பட்டது. அப்படியும் பல வட்டாரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாய் திறக்கிறது.

2024-ம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்கு ஊரே அல்லாடியது. கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். மழை தொடங்கியதும் டெங்கு ஏறியது. செப்டம்பரில் அபராத உத்தரவு வந்தது. அக்டோபர் 16 அன்று காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நகரத்தோடு 2007-ல் சேர்ந்த 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் தரும் திட்டம் அது.

தண்ணீர்ப் பஞ்சம், டெங்கு, அபராதம், குடிநீர்த் திட்டம் இவை நான்கும் அரசுக் கோப்புகளில் நான்கு இலாகாக்களின் விவகாரம். சந்துவீட்டுத் தாய்க்கோ நான்கும் ஒரே விவகாரம். அவள் வீட்டு டிரம்!

அரசு செய்ய வேண்டியது

2024 ஜூலையில் அரசு செய்த ஒரு நல்ல காரியத்தைப் பாராட்ட வேண்டும். தனியார் பரிசோதனைக் கூடங்களில் டெங்கு எலிசா பரிசோதனைக்கு ரூ.300 என்று உச்சவரம்பு கட்டினார்கள். இந்த வழியில் இன்னும் போக வேண்டும்.

முறை வைத்துத் தண்ணீர் விடும் வட்டாரங்களில் கொசு ஒழிப்பு ஊழியரின் வருகையையும் அந்த முறையோடு இணைக்கலாம். டிரம் காலியாகும் நாள்தான் அதைத் தேய்த்துக் கழுவ ஏற்ற நாள். மூடியில்லாத டிரம்முக்கு முதல் தடவை அபராதச் சீட்டுக்குப் பதில் ஒரு மூடி கொடுத்தால் என்ன? கட்டிட வேலை நடக்கும் இடங்களிலும், கேட்பாரற்றுக் கிடக்கும் காலி மனைகளிலும், அரசு அலுவலகங்களின் மொட்டைமாடிகளிலும் முதலில் கை வைக்கட்டும். பிறகு ஏழை வீட்டு வாசலுக்கு வரட்டும். 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின்கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துள்ளன. எல்லை பிரிந்தது ஊழியர்களுக்கே. கொசுவுக்கு அல்ல என்பதை அதிகாரிகள் மனதில் வைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

அரசு செய்யும் வரை காத்திருக்கவும் முடியாது. மூடி இல்லாவிட்டால் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து டிரம்மின் வாயில் இறுகக் கட்டுங்கள். வாரத்தில் ஒருநாள் காலி செய்து, உள்பக்கச் சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை சுவரில்தான் இருக்கிறது. பிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

காய்ச்சல் வந்தால் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். ஆஸ்பிரின், புரூபன் வகை மாத்திரைகள் டெங்குவில் ரத்தக்கசிவை அதிகமாக்கும். டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் விட்டதும் ஆபத்து விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாட்களில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அன்று எலியை ஜெயிக்க வீதியை அகலப்படுத்தினார்கள்; தரையைக் கெட்டிப்படுத்தினார்கள். இன்று கொசுவை ஜெயிக்க வேண்டியது குழாயில் தினமும் வரும் தண்ணீர். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அது வரும்வரை டிரம்மை மூடி வைப்பது நம் கடமை.