பாலாற்று மணலும் தோல் தொழிற்சாலைக் கழிவும்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலே காவிரிக் குழாயில் நீர் வாராத நாட்களில், ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடத்தில் பிடித்து, "காய்ச்சிக் குடித்தால் போதும்" என்று கூறிக்கொள்ளும் இல்லங்கள் உண்டு. இவ்வறிவுரையைப் பள்ளிகளில் கற்பித்தவர்களும், சுகாதார ஊழியராய் வீடுதோறும் சொன்னவர்களும் நாமே. கிருமிகளைப் பொறுத்தவரை அது சரியானதே. ஆனால் நீரில் கரைந்த உப்பும் உலோகமும் கொதிப்பதனால் அழிவதில்லை. நீர் ஆவியாகக் குறையுமளவுக்கு அவற்றின் செறிவு மிகவே செய்யும். இவ்வேற்றுமையை நன்கு விளக்குவது பாலாற்றின் வரலாறு.

கர்நாடகத்து நந்தி மலையில் தோன்றும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சியளிப்பது. அதன் நீர் மணலினுள்ளே ஓடுகிறது. ஊர்கள் கிணறு தோண்டி அதனையே பருகி வந்தன. மணல் கலங்கலை வடிகட்டும். கரைந்த பொருளை வடிகட்டாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பெருகிய தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு அம்மணலில் இறங்கியது. "கழிவு நீர்" என்று ஒரே சொல்லால் எழுதிவிடுகிறோம். அச்சொல் இரு வேறு தீமைகளை மறைத்துவிடுகிறது.

முதலாவது, சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதில் உப்பு அப்புவர். பதனிடுமுன் அதனைக் கழுவி நீக்குவர். இரண்டாவது, பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டு. இதிலுள்ள மூவிணைதிறக் குரோமியம் தீங்கு குறைந்தது. அறுவிணைதிறக் குரோமியமோ நீரில் எளிதிற் கரைவது, நச்சு மிக்கது. குரோமைட்டுக் கனியிலிருந்து குரோமேட்டு உப்புக்களை எடுத்துவந்த இராணிப்பேட்டை ஆலையொன்று 1990களில் மூடப்பட்டபின், அங்குக் குவிந்து கிடந்த ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எச்சத்திலிருந்து கசிந்தது இவ்வறுவிணைதிற வகையே.

அரசாங்கம் வாளாவிருந்தது என்று சொல்லுவதற்கில்லை. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் இருந்தது. 1982இல் தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. ஆறு ஏரிகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இத்தகைய தொழிற்சாலைகள் புதிதாக எழலாகாதென 1989இல் அரசாணையும் பிறந்தது. ஆணைக்கும் ஆற்றங்கரைக்கும் இடையிலிருந்த தொலைவுதான் குறைந்தபாடில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28இல் வெளியான தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஒரு பகுதியோ பயிருக்குதவாமற் போனதையும் எடுத்துக்காட்டிற்று. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்னும் கோட்பாடும் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அது கூறியது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, இழப்பைக் கணக்கிட ஓர் அதிகார அமைப்பை நியமிக்குமாறு மத்திய அரசைப் பணித்தது.

இதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. சுண்ணாம்பு முதலியவற்றால் குரோமியத்தை வண்டலாகப் படியவைத்துப் பிரித்தெடுக்கலாம். உப்போ அவ்வாறு படியாது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரை மீட்டு, எஞ்சுவதை ஆவியாக்கி உப்பைத் திடப்பொருளாக எடுக்கவேண்டும். இதற்குச் செலவு மிகுதி. படிந்த வண்டலைக் காப்பதும் ஆபத்தில்லாததன்று: 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் வண்டல் தொட்டியின் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர் மாண்டனர். இழப்பீடு பெறாதோர் பொருட்டு, அரசு முதலில் தொகையைக் கொடுத்துவிட்டுப் பின்னர் மாசுபடுத்தியோரிடம் வசூலிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது 2025 ஜனவரியில்தான். முதல் தீர்ப்பில் குழந்தையாயிருந்தவர்க்கு அப்போது வயது முப்பதை எட்டியிருக்கும்.

கள ஊழியர் கருதற்பாலது ஒன்றுண்டு. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது இந்தியத் தர அளவு. இத்துணைச் சிறிய அளவை நாவும் கண்ணும் அறியமாட்டா. உப்பை மட்டுமே நா அறியும். ஆகவே கிணற்று நீர் கரிக்கவில்லை என்பதால் அது நல்ல நீரென்று உறுதி கூறலாகாது. ஐயமுள்ள இடத்தில், தூய பிளாஸ்டிக் புட்டியை அக்கிணற்று நீராலேயே மும்முறை அலசி, பின் நிரப்பி மூடுக. கிணற்றின் இடம், ஆழம், நாள், நேரம் ஆகியவற்றைப் புட்டியின்மேல் எழுதுக. அறுவிணைதிறக் குரோமியம் நாட்செல்லச் செல்ல மாறக்கூடுமாதலால், குளிர்ந்த நிலையில் வைத்து, இயன்றவரை அன்றே ஆய்வுக்கூடத்திற் சேர்ப்பிக்க. முடிவு வரும்வரை அந்நீரைப் பருகாது வேறிடத்து நீரைப் பயன்படுத்துமாறு வீட்டாரிடம் கூறுக; காய்ச்சுமாறு கூறற்க.