ராணியும் குதிரையும்... அந்த 'ஷாக்' கதை உண்மைதானா?

நைட் பதினோரு மணி. தூங்கலாம்னு போனைக் கீழே வைக்கப் போறீங்க. கரெக்டா அப்போதான் அந்த ரீல்ஸ் வரும். திகில் மியூசிக், ஒரு பழைய ஓவியம், "ரஷ்ய மகாராணி கேத்தரின் எப்படிச் செத்தார் தெரியுமா?"னு ஒரு கரகர குரல். அடுத்த முப்பது செகண்டில் ஒரு குதிரை வரும், வெளியே சொல்ல முடியாத ஒரு மரணம் வரும். ஃபேமிலி குரூப்பில் போட முடியாது. அதனால் நேரா ஃப்ரெண்ட்ஸ் குரூப்புக்கு ஒரு ஃபார்வர்டு!

முதல்லயே சொல்லிடுறேன். அந்தக் கதை பொய்.

நடந்தது இதுதான். 1796 நவம்பர். கேத்தரினுக்கு வயது 67. வழக்கம்போல காலையில் எழுந்து, காபி குடித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்திருக்கிறார். பிறகு பக்கத்தில் இருந்த கழிவறைக்குப் போனவர் ரொம்ப நேரமாகத் திரும்பவில்லை. பணியாளர்கள் கதவைத் திறந்து பார்த்தால், தரையில் விழுந்து கிடக்கிறார். பக்கவாதம். படுக்கையறைக்குத் தூக்கி வந்தார்கள். மறுநாள் இரவு, டாக்டர்களும் மகன் பாலும் அரண்மனை ஆட்களும் சுற்றி நிற்க, உயிர் போனது. சீன்ல குதிரையே கிடையாது பாஸ்!

அப்புறம் குதிரை எங்கிருந்து வந்தது? கேத்தரின் நன்றாகக் குதிரை ஓட்டுவார். 1762-ல் கணவர் மூன்றாம் பீட்டரைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்த அன்று, காவற்படை அதிகாரியின் சீருடையைப் போட்டுக்கொண்டு, ஆண்களைப் போலவே இரண்டு பக்கமும் கால் போட்டுக் குதிரையில் உட்கார்ந்து படைக்கு முன்னால் போனார். அந்தக் கோலத்தில் அவரை ஓர் ஓவியர் வரைந்த படம் ரொம்ப ஃபேமஸ். ஒரு பெண், ஆண் உடை, குதிரை, கையில் நாடு. வெறுப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

காதலர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். அதை அவரே ஒளித்துவைக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலான காலத்தில் சுமார் ஒரு டஜன் பேர். கடைசிக் காதலர் ஸூபோவ், அவரைவிட 38 வயது சின்னவர். இன்னொருவர் பொட்டெம்கின். காதல் முடிந்த பிறகும் 1791-ல் சாகும்வரை ஆட்சியில் அவருக்கு வலது கையாக இருந்தார். ரெண்டு பேரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. பாதி கொஞ்சல், பாதி போர்த் திட்டம்.

எனக்குப் பிடித்த கிசுகிசு பொனியடோவ்ஸ்கியுடையது. போலந்துக்காரர், கேத்தரின் இளவரசியாக இருந்தபோது காதலித்தவர். மகாராணி ஆனதும் 1764-ல் அந்த 'எக்ஸை' போலந்துக்கே ராஜா ஆக்கினார் கேத்தரின். ஆஹா என்ன ஒரு மனசு என்று நினைக்காதீங்க. அடுத்த முப்பது வருஷத்தில் பிரஷ்யா, ஆஸ்திரியாவோடு சேர்ந்து அதே போலந்தை மூன்று தவணையாகப் பிய்த்துத் தின்றார். 1795-ல் நாடே வரைபடத்தில் இல்லை. பாவம், எக்ஸ் முடியைத் துறந்தார்.

இன்னொன்று. பிரேக்கப் ஆனால் காதலருக்குக் கிஃப்ட் உண்டு. பணம், மாளிகை, நிலம். நிலத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கில் பண்ணையடிமைகள். ஆமாம், மனுஷங்கதான். உழுதுகொண்டிருந்த குடும்பங்களை அப்படியே கைமாற்றிக் கொடுத்தார். நிஜமாகவே அதிர்ச்சியாக வேண்டிய விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இதை வைத்து யாரும் ரீல்ஸ் போட்டு நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு ஆண் ராஜாவையும் பார்த்துவிடுவோம். சாக்சனியையும் போலந்தையும் ஆண்ட இரண்டாம் அகஸ்டஸ், கேத்தரினுக்கு இரண்டு தலைமுறை மூத்தவர். அவருக்கு 300-க்கும் மேல் பிள்ளைகள் என்று ஒரு கதை உண்டு. அவர் ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் பத்துக்கும் குறைவு. ரெண்டு பேர் பற்றியும் ஊதிப் பெருக்கிய கதைதான். ஆனால் அவருக்கு அது 'கெத்து', இவருக்கு அது குதிரை.

சொந்த மகனும் சும்மா இருக்கவில்லை. அம்மா இறந்ததும் பால் செய்த முதல் வேலைகளில் ஒன்று, 34 வருஷத்துக்கு முன்பு புதைத்த அப்பா பீட்டரின் சவப்பெட்டியைத் தோண்டி எடுத்தது! அதற்கு ராஜ மரியாதை செய்து, அம்மாவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார். ஊர்வலத்தில் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வைத்தது அலெக்ஸி ஓர்லோவ் என்ற கிழவரை. பீட்டர் செத்த இடத்தில் அன்றைக்குக் காவலுக்கு இருந்தவர் அவர்தான். என்ன ஒரு பழிவாங்கல்! அடுத்த வருஷமே, ஆண் வாரிசு ஒருவர் இருக்கும்வரை பெண் அரியணை ஏற முடியாதபடி சட்டமும் போட்டார். அதற்குப் பிறகு ரஷ்யாவை எந்தப் பெண்ணும் ஆளவில்லை.

வதந்தி கோர்ட்டுக்குப் போன கதை

கேத்தரினாவது செத்த பிறகு அவமானப்பட்டார். பிரான்ஸ் ராணி மேரி அன்டோனெட்டுக்கு உயிரோடு இருக்கும்போதே நடந்தது.

1770-ல் அவருக்குக் கல்யாணம் ஆனபோது வயது 14. மாப்பிள்ளைக்கு 15. ஏழு வருஷம் அவர்களுக்குள் ஒன்றும் சரியாக நடக்கவில்லை. 1777-ல் ராணியின் அண்ணன், பேரரசர் இரண்டாம் ஜோசப், ஆஸ்திரியாவிலிருந்து நேரில் வந்து மச்சானிடம் பேசினார். பேசியதைத் தன் தம்பிக்கு ஒளிவுமறைவு இல்லாமல் கடிதமும் எழுதினார். அடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. இந்தக் கதை உண்மை, ஆவணத்தோடு இருக்கிறது.

ஆனால் பாரிஸ் தெருக்களில் விற்ற துண்டுப் புத்தகங்கள் வேறு கதை சொன்னன. ராணிக்கு ஆண் காதலர்கள், பெண் காதலர்கள், கணவரின் தம்பியோடு தொடர்பு. எல்லாம் ஆபாசப் படங்களோடு. அந்தக் காலத்து ஃபார்வர்டு மெசேஜ்தான். வருஷக்கணக்கில் படித்துப் படித்து, மக்கள் நம்பவே ஆரம்பித்துவிட்டார்கள்.

1793 அக்டோபர். புரட்சி நீதிமன்றத்தில் ராணி நிற்கிறார். குற்றச்சாட்டுகளில் ஒன்று, எட்டு வயது மகனிடமே தவறாக நடந்துகொண்டார் என்பது. பெற்றவரிடமிருந்து பிரித்துச் சிறையில் வைத்திருந்த அந்தச் சின்னப் பையனிடமே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ராணி முதலில் பதிலே சொல்லவில்லை. மறுபடி கேட்டபோது, அங்கே கூடியிருந்த தாய்மார்களைப் பார்த்து நியாயம் கேட்டார். கூட்டமே ஒரு நிமிஷம் தடுமாறியதாகச் சொல்கிறார்கள். தீர்ப்பு மாறவில்லை. அக்டோபர் 16-ல் கில்லட்டின்.

"ரொட்டி இல்லையா, கேக் சாப்பிடட்டும்" என்று அவர் சொன்னதாக ஒரு டயலாக் உண்டே? ரூஸோ தன் சுயசரிதையில் பெயர் சொல்லாத ஓர் இளவரசியின் பேச்சாக அதை எழுதியபோது, மேரி அன்டோனெட் ஆஸ்திரியாவில் இருந்த சின்னப் பிள்ளை.

நெப்போலியன் குள்ளம் என்பதும் இதே ரகம். பிரெஞ்சுக் கணக்கில் அவர் 5 அடி 2 அங்குலம். பிரெஞ்சு அங்குலம் கொஞ்சம் பெரிசு, அதனால் இன்றைய கணக்கில் சுமார் 168 செ.மீ. அந்தக் காலத்து பிரெஞ்சுக்காரருக்கு அது நல்ல உயரம். ஜேம்ஸ் கில்ரே என்ற ஆங்கிலேய கார்ட்டூனிஸ்ட் அவரைத் தாம்தூமென்று குதிக்கும் பொடியனாக வரைந்து தள்ளினார். எதிரி நாட்டு மீம் நின்றுவிட்டது.

அப்போ எல்லாமே கட்டுக்கதையா? இல்லை. சிலது கதையைவிட விசித்திரம்! டைக்கோ பிராஹே என்ற டென்மார்க் வானியலாளர், 1566-ல் சொந்தக்காரர் ஒருவரோடு வாள்சண்டை போட்டு மூக்கில் ஒரு துண்டை இழந்தார். மிச்ச வாழ்நாள் முழுக்க உலோக மூக்கு. தங்கம், வெள்ளி என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2010-ல் பிராகாவில் கல்லறையைத் திறந்து எலும்பைச் சோதித்தார்கள். பித்தளை! விஷம் வைத்துக் கொன்றார்கள் என்ற கதையும் அதோடு அடிபட்டுப் போனது. 1601-ல் ஒரு விருந்தில், பாதியில் எழுந்து போனால் மரியாதை இல்லை என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து படுத்தவர் பதினோரு நாளில் போய்விட்டார். எழுதி வைத்தவர் அவருடைய உதவியாளர் கெப்ளர்.

கவனிச்சீங்களா? இங்கே எலும்பு இருக்கிறது, கூட இருந்தவர் எழுதியது இருக்கிறது. அடுத்த முறை ஃபார்வர்டு வந்தால் நான் கேட்பது ரெண்டே ரெண்டு: முதலில் எழுதியது யார், எப்போது? அவருக்கு இதில் என்ன லாபம்?

இந்தக் கேள்விகளில் தேறி வரும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1914-ல் ஐன்ஸ்டீன் தன் மனைவி மிலேவாவுக்கு, சேர்ந்து வாழ வேண்டும் என்றால் இதெல்லாம் செய்ய வேண்டும் என்று ஒரு லிஸ்ட் எழுதினார். துணி துவைத்து ஒழுங்காக வைக்க வேண்டும், மூன்று வேளை சாப்பாடு அறைக்கு வர வேண்டும், அன்பை எதிர்பார்க்கக் கூடாது, பேச்சை நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், வெளியே போகச் சொன்னால் எதிர்த்துப் பேசாமல் போக வேண்டும். எதிரி யாரும் கிளப்பியதில்லை, அவரே எழுதியது. நாக்கை நீட்டும் அந்த போட்டோ வந்த அளவுக்கு இது நம் ஃபீடில் வருவதில்லை.

மிலேவா முதலில் சரி என்றார். அந்தக் கோடையிலேயே ரெண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு பெர்லினை விட்டு சூரிச் போய்விட்டார். 1919-ல் விவாகரத்து. அதில் ஒரு நிபந்தனை: என்றைக்காவது ஐன்ஸ்டீனுக்கு நோபல் பரிசு கிடைத்தால், பணம் மிலேவாவுக்கு. அப்போது பரிசே கிடைத்திருக்கவில்லை. 1922-ல் அறிவித்தார்கள். பணம் வந்தது. மிலேவா சூரிச்சில் வீடுகள் வாங்கினார்.